அந்தப் பக்கம் அண்ணனுக்குத் தெரியாது

1996ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று, ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கணினியியல் படித்துக்கொண்டிருந்த மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர், தன்னைப் போன்ற நிரலாளர்களுக்கு நீண்ட மடல் ஒன்றை எழுதினார். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஆற்றல் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு முகத்தோடு இருக்கிறது. ஒன்றில் கற்றது இன்னொன்றில் உதவுவதில்லை. சாதாரணமாகப் பயன்படுத்துகிறவருக்கென்று ஒரே சீரான திரைச்சூழலை நாம் சேர்ந்து உருவாக்குவோம், வாருங்கள் என்பது மடலின் சாரம். இணையத்தில் உலாவ, கடிதம் எழுத, விளையாட லினக்ஸே போதும் என்றுதான் அவரும் நம்பியிருந்தாராம். தன் காதலியின் கணினியை அமைத்துக் கொடுக்க உட்கார்ந்த அன்று அந்த நம்பிக்கை போனது என்று எழுதுகிறார்.

கேடிஇ என்று இன்று உலகம் முழுக்கப் புழங்கும் திரைச்சூழல் அந்த மடலில்தான் பிறந்தது. அந்தக் காதலிக்கு மடலில் பெயர் இல்லை. அவள் என்ன செய்ய நினைத்தாள், எந்த இடத்தில் தடுக்கியது, அவளுக்கு உண்மையில் என்ன வேண்டியிருந்தது என்பதும் இல்லை. வரலாறு தொடங்குவதற்கு அவள் காரணம். அத்தோடு அவள் வேலை முடிந்தது.

தமிழ் படித்தவளுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. நான் இதை முதலில் அறிந்தபோது நினைவுக்கு வந்தவள் கொல்லிப்பாவை. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அவள் வருகிறாள். கொல்லிமலையில் தெய்வம் செய்துவைத்த பாவை. காற்றடித்தாலும் மழை பெய்தாலும் இடி விழுந்தாலும் வடிவு குலையாதவள். தலைவன் தன் காதலியின் அழகைச் சொல்ல அவள் உவமையாகப் பயன்படுகிறாள். பின்னாளில் அவளுக்குக் கதை கூடிக்கொண்டே போய், சிரித்து மயக்கிக் கொல்லும் எந்திரப் பாவையாகவும் ஆகிவிட்டாள். ஆணின் பேச்சுக்கு ஆதாரமாக ஒரு பெண் நிற்க வேண்டும், ஆனால் அவள் பேசக் கூடாது. ட்யூபிங்கன் மடலிலும் இதே இலக்கணம்தான். கொல்லிப்பாவையைப் பாடமாக நடத்தியபோது அந்த மலையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள் என்பதால் இந்த இரண்டும் என் மனத்தில் ஒட்டிக்கொண்டன. அவளைப் பற்றிப் பிறகு.

திரைச்சூழல் என்றால் என்ன என்று கேட்கும் தோழிகளுக்காகச் சில வரிகள். லினக்ஸ் என்பது கணினியின் உள்ளே இருந்து வன்பொருளை இயக்கும் கரு. அதனிடம் நேராகப் பேச வேண்டுமானால் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு மேலே சன்னல்கள், பட்டியல்கள், கோப்புகளை அடுக்கும் அடைவுகள், குப்பைத்தொட்டி, கடிகாரம் எல்லாம் சேர்ந்த முழு முற்றம் ஒன்றை அமைத்துத் தருவதுதான் திரைச்சூழல். விண்டோஸில் இந்த முற்றம் வீட்டோடு ஒட்டியே வருகிறது. யூனிக்ஸ் வகையில் முற்றம் தனி. பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். எட்ரிச்சின் மடலுக்கு முன்பே, 1993இல், ஐபிஎம், எச்பி, சன் போன்ற பெரிய நிறுவனங்கள் கூடிப் பொதுச் சூழல் ஒன்றைச் செய்திருந்தன. அது காசுக்குக் கிடைத்தது, அலுவலகங்களுக்கானது.

கேடிஇயின் முதல் பதிப்பு 1998 ஜூலையில் வந்தது. அதற்குள்ளேயே சண்டை. அது கியூட்டி என்ற கருவித்தொகுப்பின் மேல் கட்டப்பட்டிருந்தது. கியூட்டி காசில்லாமல் கிடைத்தது; ஆனால் அதைத் திருத்தி, திருத்தியதை மற்றவருக்குக் கொடுக்க உரிமை இல்லை. இதை ஏற்காமல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாசாவும் ஃபெதரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோம் என்ற இன்னொரு சூழலைத் தொடங்கினார்கள். 2000 செப்டம்பரில் கியூட்டியும் பொது உரிமத்தின் கீழ் வந்துவிட்டது. அதற்குள் இரண்டு முகாம்களும் வேரூன்றிவிட்டன.

இந்தச் சண்டை ஏன் முக்கியம் என்பது ஆங்கிலத்தைவிடத் தமிழில் எளிதாக விளங்கும். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். அதை விளக்கியே அவர்களுக்குப் பாதி வாழ்நாள் போகிறது. நம்மிடம் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருள் என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் 'கட்டற்ற' என்ற அதே அடையை ஒரு பெண்ணுக்கு முன்னால் போட்டுப் பாருங்கள். மென்பொருளுக்குப் பாராட்டாக இருப்பது அவளுக்கு வசையாகிவிடும். ஒரு நிரலைப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம், எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்று நான்கு சுதந்திரங்களை வரையறுத்த ஓர் இயக்கத்துக்குள்ளேயே பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வு கொடுத்த கணக்கு 1.5 விழுக்காடு. அதே காலத்தில் காசுக்கு விற்கும் மென்பொருள் துறையில் அது 28 விழுக்காடு. சம்பளமும் வருகைப்பதிவேடும் உள்ள இடத்தில் நுழைய முடிந்த பெண்களால், 'யாரும் வரலாம்' என்று கதவைத் திறந்துவைத்திருந்த இடத்துக்குள் நுழைய முடியவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் யாருக்கு ஓய்வு நேரம் இருக்கிறது என்று கேட்டால் இதில் பாதி விளங்கிவிடும். மீதியைக் காதலி, அத்தை நகைச்சுவைகள் பார்த்துக்கொண்டன. 2004இல் எரிக் ரேமண்ட் என்ற புகழ்பெற்ற நிரலாளர், ஒன்றும் தெரியாத பயனருக்கு எடுத்துக்காட்டாக 'டில்லி அத்தை' என்ற கற்பனைப் பெண்ணை எழுதினார். அவர் கேட்டது, அவளுக்கும் புரிகிறமாதிரி செய்யுங்கள் என்ற நியாயமான கோரிக்கைதான். ஆனாலும் தெரியாதவள் அத்தையாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது. மாமா தப்பித்துவிடுகிறார்.

2006 கோடையில் மாணவர்களுக்கான நிரலாக்கப் பயிற்சிக்கு க்னோம் திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணுடையது அல்ல. அதைப் பார்த்து ஹன்னா வாலக்கும் கிறிஸ் பாலும் பெண்களுக்கென்றே தனிப் பயிற்சி ஒன்றை அறிவித்தார்கள். உடனே வந்த விண்ணப்பங்கள் 100. பெண்களுக்கு ஆர்வமில்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. 2010இல் மரீனா ஸுராஹின்ஸ்கயா அந்தப் பயிற்சியை மீண்டும் எடுத்து நடத்தி வளர்த்தார். இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் பல நாட்டுப் பெண்களும், தொழில்நுட்பத் துறையில் இடம் மறுக்கப்பட்ட பிறரும் ஊதியத்தோடு பயில்கிறார்கள். கேடிஇயில் கோன்கி என்ற பச்சை டிராகன் சின்னத்துக்குத் துணையாக கேட்டி என்ற பெண் டிராகன் வந்தது, பெண்கள் குழுவின் சின்னமாக. 2014இல் கேடிஇ அமைப்பின் தலைவராக லிடியா பின்ட்ஷர் வந்தார். பெயரில்லாத காதலிக்கும் பெயருள்ள தலைவிக்கும் இடையே 18 ஆண்டுகள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

2007இல் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், அப்போதைய மேலாண்மை இயக்குநர் உமாசங்கர் தலைமையில் லினக்ஸுக்கு மாறியது. அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வாங்கிய கணினிகளில் சூசே லினக்ஸ் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு, க்னோம் திரைச்சூழலோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில், முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகள் என்று அறிவிக்கப்பட்டது. அதே மேடையில்தான் பெண்களுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டமும் தொடங்கியது. அம்மாவுக்கு மாவரைக்கும் எந்திரம், மகளுக்கு மடிக்கணினி. அந்த மேடையைக் கேலி செய்தவர்களை எனக்கு நினைவிருக்கிறது. அவர்களில் உரலில் மாவாட்டியவர்கள் குறைவு.

அந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: விண்டோஸ், பாஸ் லினக்ஸ். பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் தோன்றி, சில விநாடிகள் காத்திருக்கும். எதையும் தொடாவிட்டால் முன்பே குறித்துவைத்தது தானாகத் திறந்துகொள்ளும். இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அந்தச் சில விநாடிகளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக நான் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் போனால் என்ன இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களும் நானறிந்தவரை மிகச் சிலர். கேரளத்தில் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்தபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தையும் தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். இங்கே பெட்டியைக் கொடுத்தோம். பல ஊர்களில் கணினிக் கடைக்காரர் 'இது எதுக்கும்மா, இடத்தை அடைச்சுக்கிட்டு' என்று பாஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். என் மாணவிகளில் பாதிப் பேருக்கு அப்படி நடந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது அப்போது.

கொல்லிமலை மாணவியின் கணினியில் மட்டும் அந்தப் பகுதி தப்பியிருந்தது. மலையை விட்டு இறங்கிக் கடைக்குப் போக அவளுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டில், தன் மலையின் பயிர்ப்பெயர்களைத் தொகுத்து அவள் எழுதிக் கொடுத்த கட்டுரை ஒருங்குறியில், பிழையின்றித் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டை நான் தட்டச்சகத்தில் கொடுத்து, ஏதோ ஓர் எழுத்துருவில் வாங்கி, பிறகு வேறு கணினியில் திறந்தபோது முழுவதும் கட்டம் கட்டமாகப் பார்த்து அழுதவள். அதனால் எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கல்லூரி விடுமுறையில் அவள் ஊருக்குப் போனபோது காட்டினாள்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகள். பேருந்தில் பாதிப் பேருக்கு வயிற்றைப் புரட்டும். அவளுக்குப் பழக்கம், தூங்கிக்கொண்டே வந்தாள். செம்மேட்டில் இறங்கி, பிறகு நடை. ஒரு காலத்தில் சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இப்போது மரவள்ளி; கிழங்கு கீழே சேகோ ஆலைகளுக்குப் போகிறது. சாமையை உரலில் குத்திப் புடைப்பது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. பயிர் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவள் அம்மாயி சொன்னார். "குத்தறவளைக் கேட்டா சாமை வேண்டாம்னுதான் சொல்லுவா. திங்கறவனைக் கேட்டா வேணும்பான்." பல்லுயிர்ப் பாதுகாப்புக் கருத்தரங்குகளில் இந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

வீட்டில் மேசை இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. திரைச்சூழலின் வரலாற்றில் இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. கணினித் திரையை மேசையாக உருவகித்தது 1970களில் கலிஃபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வகம். மேசை, கோப்பு, அடைவு, குப்பைக்கூடை. எல்லாம் ஓர் அலுவலக ஆணின் அறையிலிருந்து எடுத்தவை. அந்த ஆய்வகத்தில் இருந்த அடெல் கோல்ட்பர்க், 1979இல் தங்கள் வேலையை ஆப்பிள் நிறுவனத்தாருக்குக் காட்டச் சொன்னபோது கடுமையாக எதிர்த்தார். மேலிடம் கட்டளையிட்ட பிறகே காட்டினார். அவர் பயந்ததுபோலவே அங்கே பார்த்தவை ஆப்பிளின் கணினிகளுக்குப் போயின. 1984இன் மெக்கின்டாஷ் திரைக்குக் குட்டிக் குட்டிப் படங்களை வரைந்தவரும் ஒரு பெண், சூசன் கேர். உருவகம் ஆணின் மேசை. அதைப் பார்க்கும்படி வரைந்தது பெண்ணின் கை. 'மேசை' என்ற சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தது. அந்த மேசையைத் தமிழ்த் திரையில் எப்படிச் சொல்வது என்று மேல்மேசை, பணிமேடை, திரைமுகப்பு என்று பல பேர் பல சொல் வைத்தார்கள். என் மாணவி தரையில் பாய் விரித்து, தலையணை மேல் கணினியை வைத்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். இரண்டு பெயர்கள் தோன்றின. அம்புக்குறிப் பொத்தானால் கீழே இறங்கி பாஸைத் தேர்ந்தாள்.

"எங்கண்ணனுக்கு அந்தப் பக்கம் தெரியாதுங்கம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்த நாள் முதல் மடிக்கணினி அண்ணனுடையதாகிவிட்டது. படம் பார்ப்பது, பாட்டு ஏற்றுவது, நண்பர்கள் வந்து கூடுவது எல்லாம் விண்டோஸ் பக்கம். அவள் அங்கே எழுதிவைத்த கவிதைகளை அண்ணனின் நண்பர்கள் திறந்து உரக்கப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் அவள் இன்னொரு பெயரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாள். உள்ளே தமிழில் முற்றம் இருந்தது. தமிழ்99 விசைப்பலகை இருந்தது. லினக்ஸ் தன் கோப்புகளை அடுக்கும் முறை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தனியாக மென்பொருள் போட்டால் ஒழிய அந்தப் பகுதி அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. நிரலாளர்கள் குறையாகச் சொல்லிச் சலித்துக்கொள்ளும் இந்தப் பொருந்தாமை, அவளுக்குத் தாழ்ப்பாள் ஆனது. வடிவமைத்தவர் யாரும் நினைத்துப் பார்க்காத பயன் இது. காதலிக்காகக் கட்டுகிறேன் என்றவர்கள், அவள் அண்ணனிடமிருந்து எதையாவது மறைக்க வேண்டியிருக்கும் என்று எங்கே யோசித்தார்கள்?

அன்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இலக்கணப் புத்தி வேலை செய்தது. பட்டியலில் உள்ள சொற்கள்: திற, மூடு, சேமி, நீக்கு. எல்லாம் ஏவல் ஒருமை. நாம் எந்திரத்தை நீ என்கிறோம். ஆனால் எந்திரம் நம்மிடம் ஏதாவது கேட்கும்போது 'விரும்புகிறீர்களா' என்று பன்மையில், மரியாதையாகக் கேட்கிறது. இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். "நான் முதல்லயே பாத்தேங்கம்மா. என்னைய நீங்கன்னு வேற யாரு சொல்றாங்க?" பள்ளி விடுதியில் 'ஏ புள்ள', கீழே கடைத்தெருவில் 'மலைக்காரி', கல்லூரி அலுவலகத்தில் 'நீ எந்த கோட்டா'. நான் அவளை வகுப்பில் நீ என்றுதான் அழைத்து வந்தேன். அன்றும் அப்படித்தான் அழைத்தேன்.

அந்த மரியாதைப் பன்மையை யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். க்னோமுக்கும் கேடிஇக்கும் தமிழ் செய்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். தமிழ்நாட்டிலும் கடல் கடந்தும் இருந்தவர்கள். 2000களின் தொடக்கத்தில் 'ழ கணினி' போன்ற கூட்டு முயற்சிகள் இருந்தன. வேலை இப்படி: ஒரு வரியில் ஆங்கிலத் தொடர், அதன் கீழ் வரியில் தமிழ். ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் கடைசியாகத் திருத்தியவரின் பெயர் நிற்கும். முன்னால் செய்தவர்களின் பெயர் சில இடங்களில் இருக்கும், பல இடங்களில் இருக்காது. தமிழ்த் துறைகள் இதில் எங்கே இருந்தன என்று யாராவது கேட்டால் எங்களில் பலருக்கும் சொல்லப் பதில் இல்லை. கலைச்சொல்லாக்கக் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தோம், மதிய உணவோடு.

அவளிடமிருந்துதான் நான் லினக்ஸ் கற்றேன். என் பழைய கணினியில் அவளே ஒரு பிற்பகலில் நிறுவிக் கொடுத்தாள். அடுத்த ஆண்டு அவளுக்குத் திருமணம் ஆயிற்று. மடிக்கணினி அவளோடு போகவில்லை. வீட்டில் அண்ணனிடம் நின்றது. பிறகு அதுவும் பழுதாகி, இயங்காமல் மூலையில் கிடந்தது. சில ஆண்டுகள் கழித்து, நிலைவட்டை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கடையில் காட்டியிருக்கிறாள். அவர்கள் விண்டோஸ் பகுதியைத் திறந்துபார்த்து, உள்ளே சினிமாப் படங்கள்தான் இருக்கின்றன, வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

என் கணினியில் இணைத்தோம். சில விநாடிகளில் அவளுடைய பகுதி வந்து நின்றது. பயிர்ப்பெயர்த் தொகுப்பு, அம்மாயி சொன்ன பழமொழிகள், மரவள்ளிக்கு வந்த கூலிக் கணக்கு, கவிதைகள். எல்லாவற்றையும் ஒரு விரலியில் படியெடுக்கத் தொடங்கினேன். "அந்த ஒரு அடைவை மட்டும் திறக்காதீங்கம்மா, அப்படியே ஏத்திருங்க" என்றாள்.

"நீங்கள் சொன்னால் சரி" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். படியெடுத்து முடிய நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவள் பையன் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான்.